கப்பல் எஞ்சினின் மூடியும் சிவகாசியின் மருந்து அறையும்

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. சிவகாசிக்காரர் ஒருவர் கப்பலைப் பார்க்க ஆசைப்பட்டால் சுமார் நூறு கிலோமீட்டர் பயணம் செய்து தூத்துக்குடி போக வேண்டும். ஆனாலும் இந்தப் பக்கத்துப் பையன்கள் மரைன் இன்ஜினியரிங் படிக்கப் போவது ஒன்றும் புதிதல்ல. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகும் சாலையிலேயே ஒரு மரைன் கல்லூரி இருக்கிறது. அந்தப் படிப்பில் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டிய வேலைகளில் ஒன்று, பெரிய டீசல் எஞ்சினின் சிலிண்டர் கவரைக் கழற்றி, சுத்தம் செய்து, சோதித்து, திரும்ப மாட்டுவது. கப்பலில் இதை ஓவர்ஹால் என்பார்கள்.

அந்த ஒரு வேலையில் சிவகாசியின் பட்டாசு ஆலைகளுக்கு ஒரு பாடம் இருக்கிறது என்பது தான் இந்தக் கட்டுரையின் வாதம். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது போலத் தோன்றலாம். கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் முடிச்சு எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும்.

மூடி என்றால் சாதாரண மூடி அல்ல

முதலில் இந்த எஞ்சினைப் பற்றி. பெரிய சரக்குக் கப்பல்களை ஓட்டுவது பெரும்பாலும் ஸ்லோ ஸ்பீட் டூ ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின். மூன்று நான்கு மாடிக் கட்டிடம் அளவுக்கு உயரம். நிமிடத்துக்கு நூறு சுற்றுகளை ஒட்டித் தான் சுற்றும். மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஆயிரக்கணக்கில் சுற்றுவதோடு ஒப்பிட்டால் இது ஆமை. ஆனால் ஆமையின் பலம் வேறு!

சிலிண்டரின் மேல் வாயை அடைத்து உட்கார்ந்திருப்பது தான் சிலிண்டர் கவர். உருக்கி அடித்து உருவாக்கிய ஒரே எஃகுத் துண்டு. நடுவில் எக்ஸாஸ்ட் வால்வு. சுற்றிலும் எரிபொருளைத் தெளிக்கும் பியூயல் வால்வுகள், எஞ்சினைக் காற்றால் கிளப்பும் ஸ்டார்ட்டிங் ஏர் வால்வு, அழுத்தம் எல்லை மீறினால் திறந்துகொள்ளும் சேப்டி வால்வு. நெருப்பு படும் அடிப்பக்கத்தை ஒட்டி உள்ளே சின்னச் சின்னத் துளைகள் போட்டு அவற்றின் வழியாகக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும். ஒரு பக்கம் நெருப்பு, சில சென்டிமீட்டர் தள்ளித் தண்ணீர்.

இந்த மூடி தாங்கும் சுமையை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். சிலிண்டரின் விட்டம் 90 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெரிய எஞ்சின்களில் அந்த அளவு உண்டு. பரப்பளவு சுமார் 6,360 சதுர சென்டிமீட்டர். எரியும் நேரத்தில் அழுத்தம் 140 பார், அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ 140 கிலோ. பெருக்கிப் பார்த்தால் மூடியை மேலே தள்ளும் விசை சுமார் 900 டன். சரக்கேற்றிய லாரி ஒன்று 25 டன் என்றால் 36 லாரிகளின் எடை. இது ஒரு நாளைக்கு ஒரு தடவை அல்ல, ஒரு நிமிடத்துக்கு நூறு தடவை!

இது கணக்குப்படி வெடிப்பு அல்ல, கட்டுக்குள் வைத்த எரிதல் தான். ஆனால் கட்டு அவிழ்ந்தால் என்ன ஆகும் என்று எஞ்சின் ரூமில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

கப்பலில் தான் இதைப் பார்க்க முடியும் என்று இல்லை. சென்னை பேசின் பிரிட்ஜில் ஜி.எம்.ஆர். நிறுவனத்தின் டீசல் மின் நிலையம் 1999 முதல் இயங்கியது. மொத்தம் 196 மெகாவாட். கப்பலில் ஓடும் அதே ஸ்லோ ஸ்பீட் வகை எஞ்சின்கள் நான்கை நகரத்தின் நடுவில் தரையில் நிறுத்தி மின்சாரம் எடுத்தார்கள். குளிர்விக்கச் சென்னையின் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்தினார்கள். மின் வாரியத்துடன் 15 ஆண்டு ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு அந்த நிலையத்தின் காலமும் முடிந்தது. விருதுநகருக்கு இன்னும் பக்கத்தில், மதுரையை அடுத்த சமயநல்லூரில் 2001-ல் வந்த 106 மெகாவாட் நிலையமும் டீசல் எஞ்சின்களால் ஆனது தான். அங்கே இருந்தவை கொஞ்சம் வேகமான போர் ஸ்ட்ரோக் வகை. அந்த வகையில் இந்த மூடிக்குப் பெயர் சிலிண்டர் ஹெட். பெயர் மாறினாலும் வேலை ஒன்று தான்.

கழற்றுவது எப்படி?

ஓவர்ஹால் ஸ்பானரில் தொடங்குவதில்லை, காகிதத்தில் தொடங்குகிறது. கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது எஞ்சினைச் செயலிழக்க வைக்கத் துறைமுக அதிகாரிகளின் அனுமதி வேண்டும். இந்த நேரத்தில் இந்த ஆட்கள் இந்த வேலை செய்கிறார்கள், இன்னின்ன வால்வுகளை மூடியாயிற்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட வேலை அனுமதிச் சீட்டு வேண்டும். அது இல்லாமல் ஒரு நட்டைக் கூடத் தொடக் கூடாது.

அடுத்து ஸ்டார்ட்டிங் ஏர் லைனை மூடி, குழாயில் மிச்சம் இருக்கும் காற்றை வெளியே விட வேண்டும். டர்னிங் கியரைப் பொருத்த வேண்டும். டர்னிங் கியர் பொருத்தியிருக்கும்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்ய முடியாதபடி ஒரு பூட்டு உள்ளேயே அமைத்திருக்கிறார்கள். மேலே கன்ட்ரோல் ரூமில் இருப்பவருக்குக் கீழே ஆள் இருப்பது மறந்து போகலாம். இயந்திரம் மறக்காது. மனிதனின் ஞாபகத்தை மட்டும் நம்பக் கூடாது என்ற அறிவு அந்தப் பூட்டில் இருக்கிறது.

பிறகு எரிபொருளை அடைத்து, குளிர்விக்கும் தண்ணீரை வடித்து, குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். மூடியை இறுக்கிப் பிடித்திருக்கும் ஸ்டட்டுகளின் மேல் ஹைட்ராலிக் ஜாக்குகளை வைப்பார்கள். எஞ்சினின் வகையைப் பொறுத்து 900 பார் அல்லது அதற்கும் மேல் எண்ணெய் அழுத்தம் கொடுத்தால் ஸ்டட் மயிரிழை அளவு நீளும். அந்த நேரத்தில் நட்டைக் கையாலேயே திருப்பிவிடலாம். எல்லா ஜாக்குகளுக்கும் ஒரே பம்பிலிருந்து ஒரே நேரத்தில் அழுத்தம் போகும். ஒரு ஸ்டட் மட்டும் அதிக சுமை வாங்கி, பக்கத்தில் இருப்பது சும்மா இருக்கும் நிலை வரக் கூடாது.

பல டன் எடையுள்ள மூடியை கிரேன் தூக்கி மரக்கட்டைகளின் மேல் வைக்கும். கரியைச் சுரண்டி எடுப்பார்கள். நெருப்பு தின்ற பள்ளத்தை அளவுச்சட்டம் வைத்து அளப்பார்கள். பியூயல் வால்வு உட்காரும் துளைகளைச் சுற்றித் தான் வெடிப்புக் கோடுகள் முதலில் தோன்றும். கண்ணுக்குத் தெரியாத கோட்டைக் கண்டுபிடிக்கச் சிவப்புச் சாயத்தைத் தடவித் துடைத்துவிட்டு மேலே வெள்ளைப் பொடியைத் தெளிப்பார்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன சாயம் கசிந்து வெள்ளையில் சிவப்புக் கோடாகத் தெரியும். தண்ணீர் ஓடும் வழிகளை அடைத்து அழுத்தம் கொடுத்துக் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வால்வு உட்காரும் இடங்களைத் தேய்த்துச் சரி செய்வார்கள்.

திரும்ப மாட்டும்போது மூடிக்கும் சிலிண்டருக்கும் நடுவில் வரும் சீலிங் ரிங் புதிதாக இருக்க வேண்டும். ரப்பர் ரிங்குகளும் புதிது தான். "பழையது நல்லாத் தானே இருக்கு, இன்னும் ஒரு தடவை ஓட்டிக்கலாம்" என்ற பேச்சுக்கு இடமில்லை. கடைசியில் எல்லாவற்றையும் எழுத வேண்டும். எந்த சிலிண்டர், எத்தனை மணி நேரம் ஓடியது, என்ன தேய்மானம், எதை மாற்றினோம், யார் செய்தது.

உடையாததை ஏன் திறக்கிறார்கள்?

இங்கே தான் கவனிக்க வேண்டிய விஷயம் வருகிறது. ஓவர்ஹாலுக்கு வரும் மூடி பெரும்பாலும் உடைந்த மூடி அல்ல. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மூடி! அதை நிறுத்தித் திறக்கிறார்கள். ஏன்? மணி நேரம் ஆகிவிட்டது, அவ்வளவு தான்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓடிய மணிக் கணக்கு உண்டு. எஞ்சினின் வகையையும் எரிபொருளின் தரத்தையும் பொறுத்து எல்லை மாறும். பழைய எஞ்சின்களில் 8,000 மணி நேரம் போல வைத்திருந்தார்கள், புதியவற்றில் அது இரண்டு மடங்கும் அதற்கு மேலும் ஆகியிருக்கிறது. நிமிடத்துக்கு நூறு தடவை என்றால் 8,000 மணி நேரத்தில் 4 கோடியே 80 லட்சம் தடவை அந்த மூடி 900 டன்னை வாங்கியிருக்கும். இத்தனை தடவை தாங்கியது என்பது அடுத்த தடவையும் தாங்கும் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. தேய்மானம் கூடிக்கொண்டே வருகிறது என்பதற்குத் தான் அத்தாட்சி.

இந்தப் பழக்கத்தில் மூன்று விஷயங்கள் சேர்ந்திருக்கின்றன.

முதலாவது, திறக்கும் நாளை விபத்து தீர்மானிப்பதில்லை, மணிக் கணக்கு தீர்மானிக்கிறது.

இரண்டாவது, வெளியிலிருந்து வரும் சோதனை அதிகாரி திருடனைப் பிடிக்க வருவது போல வருவதில்லை. இந்தியக் கப்பல்களில் பலவற்றுக்குத் தரச் சான்று கொடுக்கும் இந்தியன் ரிஜிஸ்டர் ஆப் ஷிப்பிங் 1975-ல் தொடங்கப்பட்டது. அது போன்ற அமைப்புகளின் சர்வேயர்கள் ஐந்து ஆண்டுச் சுற்றுக்குள் எஞ்சினின் முக்கிய பாகங்கள் ஒவ்வொன்றையும் பார்த்தாக வேண்டும். அவர்கள் வரும்போது கப்பல்காரர்களே மூடியைத் திறந்து, துடைத்து, அளவு எடுத்து வைத்திருப்பார்கள். தப்பு இருந்தால் அதை முதலில் கண்டுபிடித்தவர் கப்பலின் இன்ஜினியராகத் தான் இருப்பார்.

மூன்றாவது தான் மிக முக்கியம். மூடியைத் திறக்கும் நாளில் எஞ்சின் ஓடாது. ஆனால் அந்த நாளுக்கும் பிட்டருக்குச் சம்பளம் உண்டு. ஆயிலருக்குச் சம்பளம் உண்டு. செகண்ட் இன்ஜினியருக்குச் சம்பளம் உண்டு. நிறுத்தியதற்காக யார் கையிலிருந்தும் காசு போவதில்லை. அதனால் தான் "நிறுத்துங்கள்" என்று சொல்ல அங்கே யாரும் பயப்படுவதில்லை.

இப்போது சிவகாசிக்கு வருவோம்

இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் பெரும்பகுதி சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்திலிருந்து தான் போகிறது. மழை குறைந்த கரிசல் பூமி. விவசாயம் கைவிட்ட குடும்பங்களைத் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சகமும் தான் தாங்கிப் பிடித்தன. அதில் சந்தேகம் இல்லை. இந்தத் தொழிலை இழுத்து மூடு என்று தூர நின்று சொல்வது சுலபம். லட்சக்கணக்கான மக்களின் அடுப்பு எரிவது அதில் தான் என்பதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

ஆனால் இன்னொரு பட்டியலும் இருக்கிறது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: நாற்பது பேர் வரை பலி. அதில் பலர் காப்பாற்ற ஓடி வந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும். 2021 பிப்ரவரி 12, அச்சன்குளம்: இருபதுக்கும் மேற்பட்டோர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த விபத்தைத் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. 2023 அக்டோபர் 17: ஒரே நாளில் இரண்டு இடங்களில் 14 பேர். 2024 மே 9, செங்கமலப்பட்டி: குறைந்தது எட்டுப் பேர். 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி: குறைந்தது எட்டுப் பேர். இவை தலைப்புச் செய்தியானவை மட்டும். ஒருவர், இருவர் என்று போன உயிர்கள் உள்ளூர்ப் பதிப்பின் உள்பக்கத்தோடு முடிந்துவிடும்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. வெடிபொருள் சட்டம் 1884-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அதன் கீழ் 2008-ல் வந்த விதிகள் இருக்கின்றன. ஒரு அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, அறைக்கும் அறைக்கும் நடுவில் இடைவெளி வேண்டும், அனுமதித்த அளவுக்கு மேல் மருந்து இருக்கக் கூடாது, சான்று பெற்ற போர்மேன் இருக்க வேண்டும். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறைக்குச் சிவகாசியிலேயே அலுவலகமும் உண்டு.

இந்த விதிகளில் ஒரு நல்ல பொறியியல் சிந்தனை இருக்கிறது. கப்பல் எஞ்சினின் வழி, 900 டன்னைத் தாங்கும் மூடியைப் போட்டு நெருப்பை உள்ளேயே அடைப்பது. பட்டாசு ஆலையின் வழி நேர் எதிர். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வை, ஆட்களைப் பிரித்து உட்கார வை, ஒரு அறை போனாலும் பக்கத்து அறை பிழைக்கட்டும். எஞ்சினுக்குக் கவர் எதுவோ அது தான் பட்டாசு ஆலைக்கு அந்த இடைவெளி. நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் எட்டுப் பேர் உட்காருவது, மூடியின் ஸ்டட்டுகளில் பாதியைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டுவதற்குச் சமம்.

விபத்துக்குப் பிறகு நடக்கும் விசாரணைகளில் திரும்பத் திரும்ப வரும் காரணங்களைப் பாருங்கள். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள். மரத்தடியில் வைத்து வேலை. உள்குத்தகை. முந்தின நாள் கலந்து மிச்சம் வைத்த மருந்து. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் தானாகவே சூடேறும். மருந்து செலுத்தும்போது ஏற்படும் உராய்வு. இதில் எதுவுமே திடீரென்று வானத்திலிருந்து விழுந்தது அல்ல. எல்லாமே நாள்பட்டுச் சேர்ந்த கரி. யாரும் திறந்து பார்க்காததால் சேர்ந்த கரி.

ரெய்டும் சர்வேயும்

சிவகாசியில் அதிகாரிகள் சோதனைக்கு வருவதை மக்கள் சொல்லும் சொல் "ரெய்டு". கப்பலில் சொல்லும் சொல் "சர்வே". இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் இருக்கும் தூரம் தான் பிரச்சனையின் தூரம். ரெய்டு என்றால் மறைக்க வேண்டும், மூட வேண்டும், ஆட்களை வெளியே அனுப்ப வேண்டும். அதிகாரி போன மறுநாள் எல்லாம் பழையபடி. சர்வே என்றால் திறந்து காட்ட வேண்டும்.

ஒவ்வொரு பெரிய விபத்துக்குப் பிறகும் சிறப்புக் குழு போடுகிறார்கள், உரிமங்களை நிறுத்தி வைக்கிறார்கள், நிவாரணம் அறிவிக்கிறார்கள். கொஞ்ச நாள் ஆலைகள் மூடிக் கிடக்கின்றன. அந்த நாட்களில் நஷ்டம் யாருக்கு? பீஸ் ரேட்டுக்கு, அதாவது எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பெண்ணுக்குத் தான். ஆலை நின்றால் அன்றைக்குக் கூலி இல்லை. பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குப் பட்டினி ஞாபகம் வருகிறது என்றால் அது யார் குற்றம்?

ஆகவே, சிவகாசியில் ஆட்கள் அலட்சியமாக இருக்கிறார்கள், படிப்பறிவு இல்லை, பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்ற வழக்கமான பேச்சு பாதி உண்மை தான். பயிற்சி வேண்டும். ஆனால் எத்தனை முறை பயிற்சி கொடுத்தாலும், தரையில் சிந்திய மருந்தைத் துடைக்கும் அரை மணி நேரத்துக்குக் கூலி இல்லை என்றால் யார் துடைப்பார்கள்? எண்ணிக்கைக்குக் கூலி என்பது, வேகமாகச் செய், நிறுத்தாதே, திறந்து பார்க்காதே என்று ஒவ்வொரு நிமிடமும் காதில் சொல்லிக்கொண்டே இருக்கும் போர்மேன். சுவரில் ஒட்டிய எச்சரிக்கைப் பலகை அந்தக் குரலோடு போட்டி போட முடியாது.

எதிர்க் கேள்விகள்

கப்பல் கம்பெனியிடம் கோடிக்கணக்கில் பணம் இருக்கிறது, சின்னப் பட்டாசு ஆலையிடம் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மருந்து அறையை ஓவர்ஹால் செய்ய கிரேன் வேண்டாம், 900 பார் ஜாக் வேண்டாம். வேண்டியது தண்ணீர், துணி, புது ரப்பர் விரிப்பு, ஒரு நோட்டு, அரை நாள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஒவ்வொரு அறையையும் அரை நாள் நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். மாதத்தில் ஒரு முழு நாள். மாதம் 25 வேலை நாள் என்றால் கூலிச் செலவில் கூடுவது நான்கு சதவீதம். பெட்டியின் மேல் அச்சடித்த விலைக்கும் தீபாவளி நேரத்தில் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி நாட்டுக்கே தெரியும். பாதி விலைக்கும் கீழே தள்ளுபடி தர முடிகிற வியாபாரத்தில், கூலியில் நான்கு சதவீதம் தாங்காது என்பதை நம்புவது கஷ்டம்.

கப்பலில் மட்டும் விபத்தே நடப்பதில்லையா என்றும் கேட்கலாம். நடக்கிறது. சரக்கு அவசரம் என்று ஓவர்ஹாலைத் தள்ளிப்போடும் முதலாளிகள் அங்கேயும் உண்டு. செய்யாத வேலையைச் செய்ததாக எழுதும் நோட்டுகளும் உண்டு. ஆனால் அங்கே தள்ளிப்போட்டால் அது கணக்கில் பாக்கியாக நிற்கும். இத்தனை மணி நேரம் தாண்டிவிட்டது என்று காகிதம் காட்டிக் கொடுக்கும். சிவகாசியில் தள்ளிப்போட்டது எதுவும் எங்கும் எழுதப்படுவதில்லை. அதனால் வெடித்த பிறகு தான் அது தெரிய வருகிறது.

தொழிலாளர்களே நிறுத்த விரும்ப மாட்டார்கள், தீபாவளி சீசனில் நான்கு காசு சேர்க்கத் தான் பார்ப்பார்கள் என்பது மூன்றாவது வாதம். நிறுத்திய நேரத்துக்குக் காசு கொடுத்துப் பார்த்துவிட்டு இந்த வாதத்தைச் சொல்லட்டும்.

என்ன செய்யலாம்?

ஒவ்வொரு அறைக்கும் ஒரு நோட்டு. அன்றைக்கு எத்தனை கிலோ மருந்து வந்தது, எத்தனை பேர் உட்கார்ந்தார்கள், மாலையில் மிச்சம் என்ன ஆனது என்று வாசலிலேயே தொங்க வேண்டும். குறிப்பிட்ட கிலோவோ குறிப்பிட்ட நாளோ, எது முதலில் வருகிறதோ, அன்றைக்கு அந்த அறையைக் காலி செய்து கழுவி, தரை, விரிப்பு, கருவிகள், நிலைமின்சாரத்தை இறக்கும் இணைப்பு எல்லாவற்றையும் போர்மேன் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நேரத்துக்கு, கடந்த மாதச் சராசரிக் கூலியைக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். உரிமத்தைப் புதுப்பிக்க வருபவரிடம் அதிகாரி முதலில் கேட்க வேண்டியது இந்த நோட்டையும், அந்தக் கூலி கொடுத்த ரசீதையும்.

இன்னொன்று. சின்னதாகத் தீப்பொறி வந்து அணைந்தது, யாருக்கும் காயமில்லை என்ற சம்பவங்களை எழுதச் சொல்ல வேண்டும். எழுதியதற்காக யாரையும் வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. மூடியில் தெரியும் சிவப்புக் கோடு தான் இந்தச் சம்பவங்கள். கோட்டைக் காட்டியவனைத் தண்டித்தால் அடுத்த தடவை யாரும் சாயம் தடவ மாட்டார்கள்.

உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று பட்டாசு பற்றித் தீர்ப்பு சொன்ன பிறகு நாடு முழுக்கப் பேசியது புகையைப் பற்றி, பேரியத்தைப் பற்றி, பசுமைப் பட்டாசைப் பற்றி. டெல்லிக் காற்றைப் பற்றிய கவலை நியாயமானது தான். ஆனால் அந்தப் பட்டாசைச் செய்த அறையின் காற்றைப் பற்றியும் தரையைப் பற்றியும் நடந்த பேச்சு ரொம்பக் குறைவு.

வெளியூர்ப் பழக்கம் நமக்கு ஒத்துவராது என்று சிவகாசிக்காரர் சொன்னால் அது அவர்களுடைய சொந்த வரலாற்றுக்கே விரோதம். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்ததில் தான் இந்த ஊரின் தொழில் கதையே தொடங்குகிறது. தெரியாததை எங்கே இருந்தாலும் போய்க் கற்றுக்கொள்வது தான் இந்த ஊரின் குணம். அவர்கள் கல்கத்தா வரை போனார்கள். இன்றைக்குப் போக வேண்டியது நூறு கிலோமீட்டர் தள்ளி, தூத்துக்குடித் துறைமுகத்தில் நிற்கும் ஏதாவது ஒரு கப்பலின் எஞ்சின் ரூம் வரை தான்.

அடுத்த தீபாவளிக்குப் பெட்டி வாங்கும்போது பச்சை முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம், தள்ளுபடி எவ்வளவு என்று பார்க்கிறோம். இதைச் செய்தவர்களுக்கு அறையைக் கழுவிய அரை நாளுக்குக் கூலி கொடுத்தீர்களா என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கடைக்காரரிடம் கேட்டால் அவர் ஆலைக்காரரிடம் கேட்பார். ஒருவர் கேட்டால் சிரிப்பார்கள். ஆயிரம் பேர் கேட்டால் நோட்டுப் போட்டு எழுத ஆரம்பிப்பார்கள்.